பொருக்கு

நேற்று மாலை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல வானம்.
வியானோர் கயிற்றைச் சுருட்டி வாசலில் வைத்தான்.
மாக்வாலா ரொட்டிக்குள் இறைச்சியை அடைத்தாள்.
நான் வெப்பமானியைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன்.
ஸ்வானேத்தியில் ஏப்ரல் கடைசி.
பகல் இளக்கிய பனியை இரவு இறுக்கித் தர வேண்டும்.
அந்த ஒரு வேலைக்குத்தான் இரவை நம்பியிருந்தோம்.

ஒன்றரை மணிக்கு விழித்தேன்.
கூரையிலிருந்து சொட்டும் சத்தம்.
அந்த நேரத்தில் சொட்டக் கூடாது.
வெளியே போய் நட்சத்திரம் தேடினேன்.
மலையின் சூட்டை மலைக்கே போர்த்திவிட்டு
மேகம் படுத்திருந்தது.
பூஜ்யத்துக்கு மேலே ஒன்று.
ஒரே ஒரு கோடு, நகத்தின் அகலம்கூட இல்லை.

"போய்த்தான் பார்ப்போமே" என்றான் வியானோர்.
வெள்ளிக்கிழமை காலை அவனுக்குத் தலைநகருக்குப் பஸ்.
லாரி கம்பெனியில் அடுத்த விடுப்பு செப்டம்பரில்.
செப்டம்பரில் அந்த முகட்டில் பனி இருக்காது,
கைவைத்தால் கழன்றுவரும் கல் மட்டும்.
இதில் எதையும் அவன் சொல்லவில்லை.
பூட்ஸ் நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்கினான்.

மூன்று மணி. மூன்று தலைவிளக்குகள்.
முதலில் பொருக்கு தாங்கியது,
பானையின் அடியில் பிடித்த சோறு மாதிரி,
தட்டினால் ஓசை கேட்கும் பொருக்கு.
பிறகு என் இடது கால் கணுக்கால் வரை.
பிறகு முழங்கால் வரை.
பத்து எட்டுக்கு எத்தனை முறை புதைகிறேன் என்று
எண்ணிக்கொண்டே ஏறினேன்.
இரண்டு. ஐந்து.
எட்டு வந்தபோது எண்ணுவதை விட்டேன்.

மாக்வாலா குழி தோண்டினாள்,
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும் அதே முகத்தோடு.
மேலே ஈரம்.
அதன் கீழே காவிக் கோடு, மார்ச் மாதக் காற்று
ஏதோ பாலைவனத்திலிருந்து தூக்கிவந்த தூசி.
அதற்கும் கீழே ரவை.
அள்ளினால் ஒட்டாமல் விரலிடுக்கில் வழிந்தது.
வெட்டிய தூணின் தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டினாள்.
மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து.
முழங்கையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று,
நான்காவதில்
மேசையின் இழுப்பறை திறப்பது போல
தூணின் மேல்பாதி அப்படியே நகர்ந்து
அவள் மடியில் வந்து உட்கார்ந்தது.

பதினான்கு நடுத்தரம்தானே என்று
எனக்குள் ஒரு வக்கீல் எழுந்தான்.
நன்றாகவே வாதாடினான். சொல்லிவிடுகிறேன்,
நான் அவன் பக்கம்தான் இருந்தேன்.

காரியம் கெட்ட பிறகு மேகம் விலகியது.
முகட்டின் விளிம்பில்
சுவர் இல்லாத வீட்டின் இறவாரம் போல
அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது பனி.
அதன் கீழேதான் குறுக்காகப் போக வேண்டும்.
"இருபது நிமிடம். ஓடினால் பன்னிரண்டு."
"இந்தக் காலோடா?" என்று கேட்டாள் மாக்வாலா.
தன் காலைக் காட்டவில்லை. அவன் காலையும் காட்டவில்லை.
மூவரும் என் காலைப் பார்த்தோம்,
தொடை வரை உள்ளே இருந்தது.

இறங்கும்போது வியானோர் முன்னால் போனான்,
வெகுதூரம் முன்னால்.

பத்து மணிக்குக் கற்சுவர்மேல் உட்கார்ந்து
தொலைநோக்கியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம்.
பாறையடியிலிருந்து சில பனியுருண்டைகள் கிளம்பி
பாய் சுருள்வது போலச் சுருண்டு பாதியில் நின்றன.
பதினொன்று. பன்னிரண்டு. இரண்டு.
சரியட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.
வெட்கமாக இருந்தது, ஆனாலும் வேண்டினேன்.
சரிவு அசையவில்லை.
மாலை வரை, இறவாரத்தின் ஒரு துண்டுகூட.

"நின்றுவிட்டது" என்றான் வியானோர்.
"நாம் இல்லாமல் நின்றது" என்றாள் மாக்வாலா,
பாதி ரொட்டியை அவனிடம் நீட்டியபடி.
அவன் வாங்கிக்கொள்ள வெகுநேரம் ஆனது.

வியாழன் இரவு நட்சத்திரங்கள் எல்லாம் வந்தன.
மைனஸ் ஏழு.
காலையில் பஸ் ஹாரன் அடித்தது.
அவன் பையைத் தூக்கி மேலே போட்டுவிட்டு
ஏறுவதற்கு முன்
சாலையோரப் பனியில் ஒரு காலை வைத்தான்,
முழு எடையையும் அதில் மெல்ல இறக்கினான்.

தாங்கியது.